நீல் சிலையும் சில கேள்விகளும்

சிலைகளை அகற்றுவது பற்றிய விவாதம் கடந்த பத்தாண்டுகளாக உலகின் பல மூலைகளில் எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. 2015-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் செசில் ரோட்ஸின் சிலை மாணவர் போராட்டத்தின் விளைவாக இறக்கப்பட்டது. 2020-இல் பிரிஸ்டல் நகரில் அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தித் துறைமுக நீரில் தள்ளினார்கள். அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில் தளபதி ராபர்ட் லீயின் சிலை 2021-இல் அகற்றப்பட்டு, 2023-இல் உருக்கப்பட்டது. இச்செய்திகள் வரும்போதெல்லாம் தமிழ் வாசகர்களில் ஒரு சாரார், இது மேலைச் சமூகங்களைப் பீடித்த புதிய நோய் என்றும், வரலாற்றைச் சகிக்கத் தெரியாதவர்களின் ஆவேசம் என்றும் சொல்லிக் கடந்து விடுவதை நாம் பார்க்கிறோம்.

அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். இந்த விவாதம் நமக்குப் புதிதன்று. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பு, சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு சிலையை அகற்றக் கோரித் தமிழர்கள் மறியல் செய்தார்கள், அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். இறுதியில் வென்றார்கள். அந்த வெற்றியை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம் என்றால், அதன் அடியிலிருக்கும் நியாயம் என்ன என்பதையும் யோசித்தாக வேண்டும். ஏனெனில் அந்த நியாயம் ஒருநாள் நமக்கு உவப்பில்லாத திசையிலிருந்தும் நம்மை நோக்கி வரக்கூடும். உண்மையில் வந்துவிட்டது.

*

முதலில் அந்தச் சிலைக்குரிய மனிதர். ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல் 1810-இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் பணியாற்றியவர். 1857-இல் வடக்கே கிளர்ச்சி வெடித்தபோது, மதராஸ் பியூசிலியர்ஸ் என்னும் ஐரோப்பியப் படைப்பிரிவுடன் கப்பலேறிக் கல்கத்தா சென்றார். ஜூன் மாதத் தொடக்கத்தில் வாரணாசி, ஜூன் 11-இல் அலகாபாத். அதன் பின் அப்பகுதியில் நடந்தவற்றை இந்திய தேசியவாதிகள் எழுதித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. சிப்பாய்ப் போரின் வரலாற்றை எழுதிய ஆங்கிலேயர் ஜான் கே அதைப் பதிவு செய்திருக்கிறார். விசாரணை என்று பெயருக்கு நடந்த ஒன்றின் முடிவில் மரங்களில் மனிதர்கள் தொங்கவிடப்பட்டார்கள். கிளர்ச்சிக்காரர்களின் கொடியை விளையாட்டாக ஏந்தித் திரிந்த சிறுவர்களுக்கும் வாரணாசியில் அந்நாட்களில் தூக்கு விதிக்கப்பட்டது. அலகாபாத்திலிருந்து கான்பூர் நோக்கி முன்னே அனுப்பப்பட்ட படைக்கு நீல் கொடுத்த எழுத்துமூல ஆணையில், குறிப்பிட்ட கிராமங்களைத் தாக்கி அழிக்கவும் அங்குள்ள ஆண்களைக் கொல்லவும் கட்டளை இருந்தது.

இங்கே கால வரிசையைக் கவனிப்பது முக்கியம். நீலை நியாயப்படுத்துவோர், கான்பூர் பீபீகரில் ஏறத்தாழ இருநூறு ஆங்கிலப் பெண்களும் குழந்தைகளும் படுகொலை செய்யப்பட்டதைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். அது கொடூரம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அது நடந்தது ஜூலை 15 அன்று. வாரணாசியிலும் அலகாபாத்திலும் தூக்குகள் விழுந்தது ஜூன் மாதத்தில். பின்னால் நடந்த கொலைக்கு முன்னால் நடந்த கொலை பழிவாங்கலாக முடியாது. கான்பூரை அடைந்த பிறகு நீல் செய்தது பழிவாங்கலையும் கடந்த ஒன்று. பீபீகரின் தரையில் உறைந்திருந்த இரத்தத்தைக் கைதிகளைக் கொண்டு துடைக்கச் செய்து, மறுத்தவர்களைச் சவுக்கால் அடித்து, அதன் பின்பே தூக்கிலிட வேண்டும் என்று ஆணையிட்டார். சாவதற்கு முன் அவர்களுடைய சமய நம்பிக்கையைக் குலைப்பதே நோக்கம் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. 1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவில் குண்டடி பட்டு இறந்தார்.

இறந்த சில ஆண்டுகளுக்குள் அவருக்கு இரண்டு சிலைகள் எழுந்தன. ஒன்று அவருடைய சொந்த மண்ணில், அயர் நகரத்தில். மற்றொன்று சென்னையில், மவுண்ட் ரோட்டில். சென்னைச் சிலையின் பீடம் அவரை வீரர் என்றும், வங்காளத்தில் எழுந்த கிளர்ச்சி வெள்ளத்தை முதன்முதலில் தடுத்து நிறுத்தியவர் என்றும் புகழ்ந்தது. தடுத்து நிறுத்திய விதம் எது என்று அது சொல்லவில்லை. அந்தச் சிலை நின்ற சாலையில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நம் முன்னோர் நடந்து போனார்கள்.

1927-இல் இது முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் தொண்டர்கள் அணியணியாக வந்து சிலையைத் தாக்கிக் கைதானார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு இப்போராட்டத்தின் முன்னணியில் நின்றார். கடலூர் அஞ்சலை அம்மாள் தம் சிறு மகளுடன் கலந்துகொண்டார். அந்தச் சிறுமியைத்தான் காந்தி பின்னர் லீலாவதி என்று பெயரிட்டு வார்தாவுக்கு அழைத்துச் சென்றார். அப்போது இருபத்து நான்கு வயது இளைஞராயிருந்த காமராஜர், தமிழ்நாட்டுக்கு வந்திருந்த காந்தியைச் சென்னையில் சந்தித்து, இப்போராட்டத்தைத் தொடர்ந்து நடத்த அனுமதி பெற்றார். அகிம்சை வழியில் நடக்க வேண்டும் என்ற கண்டிப்போடு காந்தி இதனை ஆதரித்தார். சைமன் கமிஷன் எதிர்ப்பின் பேரலையில் இப்போராட்டம் பின்னுக்குச் சென்றது. ஆனாலும் மறக்கப்படவில்லை. 1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை பொறுப்பேற்றபோது, அதே ஆண்டில் சிலை சாலையிலிருந்து அகற்றப்பட்டது. பிற்பாடு எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது.

*

சிலை அகற்றலுக்கு எதிராக இன்று சொல்லப்படும் வாதங்கள் பெரும்பாலும் மூன்று. மூன்றையும் நீல் சிலையின் முன் நிறுத்திப் பார்க்கலாம்.

சிலையை அகற்றினால் வரலாறு அழிந்துவிடும் என்பது முதலாவது. இந்த வாதம் சிலையை ஒரு நூலாக நினைத்துக்கொள்கிறது. தமிழ் இலக்கியம் படித்தவர்கள் இவ்விஷயத்தில் ஏமாற வேண்டியதில்லை. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கும் அந்த வரிசை, வாழ்த்துவதில் முடிகிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் இதே வரிசையைத்தான் தன் காதைகளின் பெயர்களாகக் கொண்டிருக்கிறது. அதாவது, கல்லை நடுவதன் இறுதி நோக்கம் செய்தி சொல்வதாக இருந்ததில்லை, வாழ்த்துவதாக இருந்திருக்கிறது. உயர்ந்த பீடத்தில், ஊர் கூடும் இடத்தில், அண்ணாந்து பார்க்கும்படி ஒருவரை நிறுத்துவதும் அதே வகையைச் சேர்ந்த செயல்தான். நீலைப் பற்றிய வரலாறு கேயின் நூலிலும், கடிதங்களிலும், ராணுவ ஆவணங்களிலும் இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் இருந்தது வாழ்த்து மட்டுமே. அதை நீக்கியதால் ஓர் எழுத்துகூட அழியவில்லை. மாறாக, இன்று நீல் என்ற பெயரைத் தமிழர்களில் யாரேனும் அறிந்திருந்தால், அது பெரும்பாலும் அந்தச் சிலையை எதிர்த்துச் சிறை சென்றவர்களால்தான்.

வஞ்சிக் காண்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இமயத்தில் எடுத்த கல் வஞ்சிக்குத் தானாக வந்து சேரவில்லை. தோற்ற அரசர்களான கனகனும் விசயனும் அதைத் தலையில் சுமந்து வந்தார்கள். ஒருவரை வாழ்த்த நட்ட கல், அதைச் சுமந்தவர்களுக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்று நாம் அதிகம் கேட்டதில்லை. சிலைகளைப் பற்றிய எல்லா விவாதத்திலும் கேட்கப்பட வேண்டிய கேள்வி அதுதான் என்று நாங்கள் கருதுகிறோம்.

இரண்டாவது வாதம், ஒருவரை அவருடைய காலத்தின் அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்பது. நல்ல வாதம். நீல் விஷயத்தில் அதையே செய்வோம். 1857 ஜூலை 31 அன்று கவர்னர் ஜெனரல் கானிங், கண்மூடித்தனமான தண்டனைகளைக் கட்டுப்படுத்தி ஓர் அரசாணை பிறப்பித்தார். அதற்காக அவருடைய நாட்டவரே அவரைக் கருணைக் கானிங் என்று ஏளனம் செய்தார்கள். ஆகவே நீல் செய்தது கூடாது என்று சொல்லும் குரல் அவர் காலத்திலேயே, அவர் தரப்பிலேயே, அதன் உச்சியிலேயே இருந்தது. காலம் என்பது ஒரே குரலில் பேசுவதில்லை. காலத்தின் அளவுகோல் என்று நாம் சொல்வது பல சமயங்களில் வென்றவர்களின் அளவுகோலாக இருந்துவிடுகிறது. தூக்குமரத்தில் தொங்கியவர்களும் அந்தக் காலத்தைச் சேர்ந்தவர்கள்தாமே?

அன்றியும், சிலை பல நேரங்களில் அதற்குரியவரின் காலத்தைச் சேர்ந்ததாக இருப்பதும் இல்லை. லீ இறந்தது 1870-இல். சார்லட்ஸ்வில்லில் அவருக்குச் சிலை வைத்தது 1924-இல், கறுப்பின மக்களைத் தனிமைப்படுத்தும் சட்டங்கள் தென்மாநிலங்களில் ஓங்கியிருந்தபோது. கோல்ஸ்டன் இறந்தது 1721-இல், சிலை எழுந்தது 1895-இல். இவற்றின் பீடங்களில் நாம் படிப்பது அந்த மனிதர்களின் வரலாற்றை அல்ல, அவர்களை அங்கே நிறுத்த விரும்பியவர்களின் மனத்தை.

மூன்றாவது வாதம், இதற்கு எல்லை எங்கே என்பது. இன்று நீல், நாளை யார்? இதற்கு விடையும் சென்னையிலேயே இருக்கிறது. தீவுத்திடலருகே தாமஸ் மன்றோ இன்றும் குதிரைமீது அமர்ந்திருக்கிறார். 1839-இல் நிறுவப்பட்ட, சாண்ட்ரி செதுக்கிய சிலை. மன்றோவும் கம்பெனியின் ஊழியர், மைசூர்ப் போர்களில் பங்கேற்ற படைவீரர், ஆளுநர். அந்நிய ஆட்சியின் சின்னங்கள் அனைத்தையும் துடைப்பதே நோக்கமாக இருந்திருந்தால் அவர் தப்பியிருக்க வழியில்லை. ஆனால் 1937-இல் நீலை அகற்றியவர்கள் மன்றோவைத் தொடவில்லை. ராயலசீமைப் பகுதியில் ரயத்துவாரி முறையோடு தொடர்புடைய நினைவுகளால் அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் இருந்ததாகச் சொல்வார்கள். மன்றோ குறையற்றவர் என்பது இதன் பொருளன்று. மக்கள் எல்லா வெள்ளைக்காரச் சிலைகளையும் ஒரே கண்ணால் பார்க்கவில்லை என்பதே பொருள். எல்லை எங்கே என்று கேட்பவர்கள், பொதுமக்களுக்கு வேறுபடுத்தி அறியும் ஆற்றல் இல்லை என்ற அனுமானத்திலிருந்து கேட்கிறார்கள். நமது நகரத்தின் அனுபவம் அந்த அனுமானத்தை ஆதரிக்கவில்லை.

*

பிரிஸ்டல் நிகழ்ச்சியைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கூட்டம் கூடிச் சிலையைக் கவிழ்ப்பது நாகரிகமா என்று கேட்பவர்களின் தயக்கம் புரிந்துகொள்ளத் தக்கது. எங்களுக்கும் அது உண்டு. ஆனால் முன்கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. கோல்ஸ்டன் நிர்வாகத்தில் பங்கு வகித்த ஆண்டுகளில் ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனி ஏறத்தாழ 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்றதாகவும், அவர்களில் 19,000 பேர் கடலிலேயே மாண்டதாகவும் கணக்கிடுகிறார்கள். சிலையின் பீடமோ அவரை அறமும் அறிவும் நிறைந்த நகரத்துப் புதல்வர் என்றது. சிலையை அகற்றக்கூட வேண்டாம், இந்த உண்மையைச் சொல்லும் இன்னொரு பலகையாவது வையுங்கள் என்று கேட்டார்கள். 2018-இல் அதற்கு வாசகம் எழுதப்பட்டது. அடிமை வணிகத்தை எவ்வளவு அழுத்திச் சொல்வது, கொடைகளை எவ்வளவு சேர்த்துச் சொல்வது என்று இழுபறி நடந்து, வாசகம் நீர்த்துப் போய், 2019-இல் திட்டமே நின்றது. மறு ஆண்டு கயிறு வந்தது.

பலகையை மறுத்தவர்கள்தாம் கயிற்றுக்கு வழிவிட்டார்கள் என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. சிலையைக் கவிழ்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நால்வரையும் 2022 ஜனவரியில் நடுவர் குழு விடுவித்தது. நீரிலிருந்து எடுக்கப்பட்ட சிலை, தெளிக்கப்பட்ட வண்ணத்தோடு, நிற்காமல் கிடந்த கோலத்தில் அந்நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. பீடத்தில் நின்ற நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் சொல்லாததை அந்தச் சிலை தரையில் கிடந்து சொல்கிறது.

*

இதுவரை சொன்னவை நமக்கு எளியவை. எதிரியின் சிலை என்பதால் எளியவை. கடினமான இடத்துக்கு இப்போது வருவோம்.

2016 ஜூன் மாதத்தில், அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் கானா பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி சிலையைத் திறந்து வைத்தார். சில மாதங்களுக்குள் அப்பல்கலைக்கழக ஆசிரியர்கள் அதை அகற்றக் கோரி விண்ணப்பம் எழுதினார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க ஆண்டுகளில் காந்தி கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய வாசகங்களை அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது.

இந்தியாவில் எழுந்த முதல் எதிர்வினை அதிர்ச்சியும் கோபமும். ஆனால் அந்த வாசகங்களை யாரும் புனையவில்லை. இந்திய அரசே வெளியிட்ட காந்தி நூல் தொகுதிகளில் அவை இருக்கின்றன. டர்பன் தபால் நிலையத்தில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் ஒரே வாசலைப் பயன்படுத்த வேண்டியிருந்ததை எதிர்த்து, இந்தியர்களுக்கென மூன்றாவது வாசல் பெற்றுத் தந்தது அவருடைய ஆரம்பகால வெற்றிகளில் ஒன்று. ஆப்பிரிக்கர்களைக் குறிக்க அன்று வழங்கிய இழிசொல்லை அவர் தயக்கமின்றிப் பயன்படுத்தினார். தமிழர்களாகிய நமக்கு இதைப் படிப்பது கூடுதல் வேதனை. தென்னாப்பிரிக்கச் சத்தியாக்கிரகம் நம்முடையதும்கூட. நாகப்பனும் தில்லையாடி வள்ளியம்மையும் அதில் உயிர் கொடுத்தவர்கள். அந்தத் தியாகத்தின் கதையை மட்டும் வைத்துக்கொண்டு, அதே மண்ணில் யாரிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்டக் கோரி மனுக்கள் எழுதப்பட்டன என்பதை நாம் வசதியாக விட்டுவிட முடியாது.

நாங்கள் காந்தியை மதிக்கிறவர்கள். அவரை நீலோடு ஒரே தட்டில் வைப்பது அறிவுக்கும் நீதிக்கும் ஒவ்வாது. நீலுக்குச் சிலை வைக்கப்பட்டது அவருடைய கொலைகளுக்காக. அந்தச் செயலே அங்கு வாழ்த்தப்பட்ட பொருள். காந்திக்கு உலகெங்கும் சிலை வைக்கப்படுவது அந்த வாசகங்களுக்காக அன்று, அவற்றையும் மீறி அவர் கண்டடைந்த போராட்ட முறைக்காக. அந்த முறையை ஆப்பிரிக்கர்களே எடுத்தாண்டார்கள். லுதூலி அதில் தம்மை இனங்கண்டார். அந்தத் தவறுகளை அவை எழுதப்பட்ட காலச் சூழலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மண்டேலா எழுதினார். ஆகவே அக்ரா ஆசிரியர்களின் மதிப்பீட்டில் காந்தியின் பிற்கால வாழ்வுக்குப் போதிய இடம் தரப்படவில்லை என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

ஆனாலும் அவர்களுக்கு அந்தச் சிலையை அகற்றும் உரிமை இருந்தது என்று சொல்கிறோம். வாழ்த்து என்பது உள்ளிருந்து எழ வேண்டியது. ஓர் அரசு இன்னோர் அரசுக்குப் பரிசாகக் கொடுத்து, நாள்தோறும் அதைக் கடந்து நடக்கப் போகிறவர்களைக் கலக்காமல் ஒரு வளாகத்தில் நிறுவிய வாழ்த்து அது. உங்கள் பாட்டனை இழித்துச் சொன்னவரைத் தினமும் அண்ணாந்து பாருங்கள், அவர் பிறகு திருந்திவிட்டார் என்று ஒருவரிடம் சொல்ல நமக்கு என்ன அதிகாரம்? மன்னிப்பது அவர்கள் தருவது. கேட்டு வாங்கக்கூட முடியாதபோது, வெண்கலத்தில் வார்த்து அனுப்ப எப்படி முடியும்? 1927-இல் சென்னைத் தொண்டர்களுக்கு நீல் சிலை விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டென்று காந்தி ஏற்றுக்கொண்டார். அதே உரிமை அக்ராவில் இருப்பவர்களுக்கும் உண்டென்பதை, அது அவருக்கே எதிராகத் திரும்பும்போது, அவர் மறுத்திருப்பார் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவரை மதிக்கிறவர்களும் மறுக்கக் கூடாது.

*

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலுவான மறுப்பு. கடந்து செல்பவர் மனம் புண்படுகிறது என்பதுதான் அளவுகோல் என்றால், தமிழகக் கிராமங்களில் அம்பேத்கர் சிலையைக் கண்டு மனம் புண்படுவதாகச் சொல்கிறவர்களுக்கு என்ன பதில்? நமது ஊர்கள் பலவற்றில் அம்பேத்கர் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். அரசியல் சட்டத்தின் வரைவுக்குழுத் தலைவராக இருந்தவரைக் கம்பிகளுக்குள் வைத்துக் காக்க வேண்டியிருக்கும் அளவுக்கு அந்தப் புண்பட்ட மனங்களின் வேகம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அவருடைய சிலையைப் பட்டப்பகலில் உடைத்தார்கள். நீலைத் தாக்கிய தொண்டனும் அம்பேத்கரை உடைத்தவனும் ஒன்றா?

ஒன்றல்ல. எனவேதான் புண்பட்டது என்ற ஒற்றைச் சொல்லை அளவுகோலாக வைக்க முடியாது என்கிறோம். கேட்க வேண்டியவை இரண்டு. அந்தச் சிலை எந்தச் செயலை வாழ்த்துகிறது? அந்தச் செயல், எதிர்ப்பவரிடமிருந்து எதைப் பறித்தது? நீல் சிலை வாழ்த்திய செயல் மனிதர்களின் உயிரைப் பறித்தது, சாவிலும் அவர்களை அவமதித்தது. கோல்ஸ்டனின் செல்வம் விடுதலையைப் பறித்தது. அம்பேத்கர் சிலை வாழ்த்தும் செயலோ, ஒருவருடைய தலைக்கு மேல் இன்னொருவர் நிற்கும் ஏற்பாட்டை மறுத்த செயல். அதனால் எதிர்ப்பவர் இழந்தது தாம் மேலானவர் என்ற எண்ணத்தை மட்டுமே. அது இழக்கப்பட வேண்டியதுதான். சுமந்த தலை வலிக்கிறது என்பதும், சுமக்க ஆளில்லை என்று வருந்துவதும் எப்படி ஒரே வலியாகும்?

இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லாமல் சிலை அகற்றலைப் பொதுவாக ஆதரிப்பதும், பொதுவாக எதிர்ப்பதும் ஆபத்தானவை. பொதுவாக ஆதரிப்பவர்கள் கடப்பாரைக்காரர்களுக்கு ஒரு கொள்கையைத் தந்துவிடுவார்கள். பொதுவாக எதிர்ப்பவர்கள், சென்னையில் நீலும் பிரிஸ்டலில் கோல்ஸ்டனும் என்றென்றும் நிற்கட்டும் என்று சொன்னவர்களாவார்கள்.

*

எதை அகற்றுவது என்பதைப் போலவே எப்படி அகற்றுவது என்பதும் முக்கியம். இதிலும் நம்மூர் அனுபவம் உதவும். 2001 டிசம்பரில் சென்னைக் கடற்கரையிலிருந்து கண்ணகி சிலை அகற்றப்பட்டது. வாகனம் மோதியது, போக்குவரத்துக்கு இடையூறு என்றெல்லாம் காரணங்கள் சொல்லப்பட்டன. கண்ணகி வழிபாட்டுக்குரியவளா, கற்பு என்ற கருத்தின் சுமையைப் பெண்கள்மீது ஏற்றும் சின்னமா என்பது விவாதிக்கத் தக்க கேள்விதான். அப்படியொரு விவாதம் நடந்து, அதன் முடிவாகச் சிலை அகன்றிருந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். நடந்தது அதுவன்று. பொதுவெளியில் காரணங்களை வைத்துப் பேசாமல் ஆட்சியின் விருப்பத்தால் போன சிலை, 2006-இல் ஆட்சி மாறியதும் அதே வழியில் திரும்பி வந்தது. போனபோதும் வந்தபோதும் நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நீல் சிலையை அகற்றப் பத்தாண்டு பிடித்தது. அந்தப் பத்தாண்டில் அந்தச் சிலை எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்க ஒரு தலைமுறை பழகிக்கொண்டது. அகற்றியபின் அதை யாரும் திரும்ப வைக்கக் கோரவில்லை.

அகற்றிய சிலையை உருக்குவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. லீயின் சிலையை உருக்கியவர்களின் உணர்வு புரிகிறது. ஆனால் பீடத்திலிருந்து இறங்கிய சிலை அதன் பின்தான் உண்மையில் ஆவணமாகிறது. அதைப் படிக்கக் கொடுப்பது அருங்காட்சியகத்தின் வேலை. புடாபெஸ்ட் நகரத்தார் சோஷலிச ஆட்சிக் காலத்துச் சிலைகளை நகருக்கு வெளியே ஒரு பூங்காவில் சேர்த்து 1993-இல் திறந்தார்கள். மார்க்ஸும் லெனினும் அங்கே வாழ்த்துப் பெறாமல், பார்க்கப்படுபவர்களாக மட்டும் நிற்கிறார்கள்.

அந்த வகையில் நீலை எழும்பூருக்கு அனுப்பியது சரியான முடிவு என்றே கருதுகிறோம். ஆனால் அருங்காட்சியகத்துக்கு அனுப்புவதோடு வேலை முடிந்துவிடாது. அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் செய்தவை, அவற்றை வாழ்த்திப் பீடத்தில் பொறிக்கப்பட்டவை, 1927-இல் அதன் முன் அடிபட்டவர்களின் பெயர்கள் ஆகிய மூன்றும் அந்தச் சிலையின் அருகே, தமிழில், ஒரு பள்ளிச் சிறுமி நின்று படிக்கும் உயரத்தில் எழுதி வைக்கப்பட வேண்டும். அஞ்சலை அம்மாளின் பெயரும் அவர் மகளின் பெயரும் அதில் விடுபடக் கூடாது. அடுத்த ஆண்டு, 2027-இல், அந்தப் போராட்டத்துக்கு நூறு வயது நிறைகிறது. அதைக் கொண்டாட இன்னொரு சிலை வேண்டியதில்லை. நான்கு பத்தி எழுதிய பலகை ஒன்று போதும்.